கூடு மாறினால் ஆள் மாறுமா?

ஜப்பானியச் சித்திரப் படங்கள் எழுப்பும் கேள்விக்குத் திண்டுக்கல் சீமையில் ஒரு பதில்

திண்டுக்கல் பூட்டுக்கு ஒரு பெருமை உண்டு. தன் சாவியைத் தவிர வேறு சாவிக்கு அது இணங்காது.

ஊரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் சிறு சிறு பட்டறைகளில், அரமும் சுத்தியலும் கொண்டு கையாலேயே செய்யும் பூட்டு இது. பூட்டின் வயிற்றுக்குள் லீவர் எனப்படும் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். சாவியின் பல் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு தகடு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தாழ் நகராது. மாங்காய்ப் பூட்டு, திறக்கும்போது மணி அடிக்கும் பூட்டு என்று வகை வகையாகச் செய்து பெயர் வாங்கிய ஊர் இது. அலிகாரிலிருந்து மலிவான பூட்டுகள் வந்து குவிந்த பிறகு பட்டறைகள் பல மூடிவிட்டன. ஆயினும் புகழ் மங்கிவிடவில்லை. 2019-ம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பூட்டு தன் சாவியை அறியும். மனிதனை அறிவது எப்படி? ‘இவர்தான் அவர்’ என்று எதை வைத்துச் சொல்வது? முகத்தை வைத்தா, குரலை வைத்தா, கை ரேகையை வைத்தா? அல்லது மனத்தில் உள்ள ஞாபகங்களை வைத்தா? இவை எல்லாவற்றையுமே யந்திரத்தால் மாற்றிவிட முடியும் என்றால், பிறகு மிஞ்சுகிற ‘நான்’ எது?

இது வேதாந்திகளின் கேள்வி என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஜப்பான் நாட்டில் சித்திரப் படம் எடுப்பவர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இதைக் கேட்டு வருகிறார்கள். திண்டுக்கல் சீமையில் ரேஷன் கடைக்குப் பையை எடுத்துக்கொண்டு போகிறவர்களும் இன்று இதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அணுவின் பெயர் கொண்ட பிள்ளை

சித்திரப் படம் என்றால் பூனை எலியைத் துரத்தும் வேடிக்கை என்பதே நம்மில் பலருடைய எண்ணம். ஜப்பானில் அப்படியில்லை. அங்கே அதற்கு ‘அனிமே’ என்று பெயர். காதல், போர், குடும்பம், பக்தி எல்லாவற்றையும் அவர்கள் சித்திரத்திலேயே சொல்லிவிடுவார்கள். நமது ராமாயணத்தையே யூகோ சாக்கோ என்ற ஜப்பானியர், நம் நாட்டுச் சித்திரப் பட நிபுணர் ராம் மோகன் முதலியோருடன் சேர்ந்து 1992-ல் முழுநீளப் படமாக ஆக்கினார்.

யந்திரமும் மனிதனும் கலந்து நிற்கும் கதையை ஜப்பானில் வீட்டுக்கு வீடு கொண்டு சென்றவர் ஒசாமு தெசுகா. மருத்துவம் படித்தவர். ஆனால் நாடி பிடிக்கப் போகாமல் தூரிகையைப் பிடித்தார். 1952-ல் அவர் வரையத் தொடங்கிய படக்கதையின் நாயகன் ஒரு யந்திரச் சிறுவன். ஜப்பானியர் அவனை ‘அதோமு’ என்கிறார்கள். அணு என்று பொருள். வெளிநாடுகளில் ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்று பெயர். 1963-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி இந்தக் கதை ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடராக வரத் தொடங்கியது.

கதை இதுதான். தென்மா என்ற விஞ்ஞானியின் அருமை மகன் மோட்டார் விபத்தில் இறந்துவிடுகிறான். துக்கம் தாங்காத தகப்பன், மகனைப் போலவே ஒரு யந்திரச் சிறுவனைச் செய்கிறான். அதே முகம், அதே உயரம். ஊட்டி வளர்க்கிறான். ஆனால் நாள் ஆக ஆக ஒரு குறை தெரிகிறது. பையன் வளரவில்லை! யந்திரம் எப்படி வளரும்? கோபம் கொண்ட தகப்பன் அந்தப் பிள்ளையை சர்க்கஸ்காரனுக்கு விற்றுவிடுகிறான். பிறகு ஒச்சானோமிசு என்ற நல்ல மனம் படைத்த பேராசிரியர் அவனை மீட்டு வளர்க்கிறார்.

குழந்தைகளுக்கான கதைதான். ஆனால் பெரியவர்களைத்தான் அது அதிகம் சுடும். இந்தக் கதையில் மனிதத் தன்மை யாரிடம் இருந்தது? பிள்ளையை விற்ற மனிதனிடமா? விற்ற தகப்பனை எண்ணி ஏங்கிய யந்திரத்திடமா?

வெளிச்சம் விழுந்த நாடு

யந்திரத்தைப் பற்றி ஜப்பானியருக்கு ஏன் இவ்வளவு கவலை? காரணம் நமக்குத் தெரிந்ததே. 1945-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமாவிலும், 9-ந் தேதி நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்தது. அணுவைப் பிளந்த அறிவு, இரண்டு நகரங்களை நொடிப்பொழுதில் அழித்தது. அதே ஜப்பான், இருபது முப்பது ஆண்டுகளுக்குள் ரேடியோவும் மோட்டாரும் செய்து உலகுக்கெல்லாம் விற்றது. யந்திரத்தால் அழிந்ததும் அந்த நாடுதான். யந்திரத்தால் எழுந்ததும் அந்த நாடுதான். ஆகவே யந்திரத்தைக் கண்டு பயமும் ஆசையும் அவர்களுக்குச் சேர்ந்தே வருகின்றன.

1980-களில் கணிப்பொறி பரவியபோது, அமெரிக்காவில் ஒரு புது வகைக் கதை தோன்றியது. அதற்கு ‘சைபர்பங்க்’ என்று பெயர் வைத்தார்கள். இந்தக் கதைகளில் விஞ்ஞானம் வானளாவ உயர்ந்திருக்கும். மனிதர்களோ இருட்டுச் சந்துகளில் அல்லாடுவார்கள். உடலில் யந்திரம் புகுந்திருக்கும். மூளையில் கம்பி சேர்ந்திருக்கும். ஆனால் வயிற்றுப்பாடு தீர்ந்திருக்காது. ஜப்பானியர் இந்த வகையை எடுத்துத் தங்கள் சித்திரத்தில் வார்த்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

அவற்றுள் ஒன்று ‘அகிரா’. கத்சுஹிரோ ஒத்தோமோ என்பவர் 1988-ல் எடுத்தது. படம் தொடங்கியதும் டோக்கியோ நகரத்தின்மீது ஒரு பெரிய வெள்ளை வெளிச்சம் பரவுகிறது. சத்தமே இல்லை. நகரம் அழிகிறது. பிறகு 2019-ம் ஆண்டில், புதிதாய்க் கட்டிய டோக்கியோவில் கதை நடக்கிறது. தெத்சுவோ, கனேதா என்று இரண்டு அநாதைப் பையன்கள். மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றும் முரட்டுப் பிள்ளைகள். ராணுவம் தெத்சுவோவைப் பிடித்துச் சென்று, மனோசக்தியைத் தூண்டும் பரிசோதனை செய்கிறது. அவனுக்கு எல்லையற்ற சக்தி வருகிறது. ஆனால் அவன் உடலே அவன் சொல் கேளாமல் போகிறது. இழந்த கையின் இடத்தில் இரும்புக் கையைச் செய்து மாட்டிக்கொள்கிறான். கடைசியில் உடல் ஊதிப் பெருகி நகரத்தையே விழுங்கத் தொடங்குகிறது. அந்த நிலையிலும் பழைய தோழன் கனேதா அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறான்.

கூட்டுக்குள் ஆவி

இதைவிட ஆழமாகச் சென்ற படம் 1995-ல் வந்தது. மசமுனே ஷிரோ 1989-ல் எழுதத் தொடங்கிய படக்கதையை மமோரு ஒஷீ படமாக்கினார். அதன் பெயர் ‘கோஸ்ட் இன் தி ஷெல்’. கூட்டுக்குள் இருக்கும் ஆவி என்று தமிழில் சொல்லலாம்.

கதை 2029-ம் ஆண்டில் நடக்கிறது. நாயகி மேஜர் குசனாகி ஒரு போலீஸ் அதிகாரி. அவள் உடல் முழுவதும் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. மூளையில் ஒரு பகுதி மட்டுமே மனிதப் பிறவியோடு வந்தது. அவள் நூறு ஆள் பலம் படைத்தவள். ஆனால் அந்த உடல் அவளுக்குச் சொந்தமில்லை, சர்க்காருக்குச் சொந்தம். வேலையை விட்டு நின்றால் உடலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்! ஒரு நாள் படகில் போகும்போது எதிரே கட்டடத்தின் கண்ணாடிச் சாளரத்தருகே தன்னைப் போலவே முகம் கொண்ட வேறொரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறாள். ஒரே தொழிற்சாலையில் வார்த்த இரண்டு பொம்மைகளா நாங்கள் என்ற சந்தேகம் அவளை அரிக்கிறது.

படத்தில் ஒரு குப்பை வண்டித் தொழிலாளி வருகிறான். தெருத் தெருவாகக் குப்பை அள்ளும் ஏழை. மனைவி பிரிந்துவிட்டாள், பெண் குழந்தையைக் காட்ட மறுக்கிறாள் என்று கூட்டாளியிடம் சொல்லிச் சொல்லி வருந்துகிறான். எப்படியாவது மனைவியோடு சேர வேண்டும் என்று, யாரோ கொடுத்த தந்திரத்தை நம்பி ஒரு குற்றத்துக்கு உடந்தையாகிறான். போலீஸ் பிடித்து விசாரிக்கிறது. அப்போதுதான் உண்மை வெளியாகிறது. அவனுக்கு மனைவியே கிடையாது. குழந்தையும் கிடையாது. தனிக்கட்டை. திருடன் ஒருவன் அவன் மூளைக்குள் புகுந்து, இல்லாத குடும்பத்தின் ஞாபகத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மகளுடைய படம் என்று அவன் பத்திரமாக வைத்திருந்த போட்டோவைப் பார்க்கச் சொல்கிறார்கள். அதில் இருந்தது அவன் முகம்தான்.

வீட்டில் பொருள் திருட்டுப் போனால் போலீசில் எழுதிக் கொடுக்கலாம். இல்லாத பிள்ளையின் பாசத்தை ஒருவன் நெஞ்சில் திணித்துவிட்டுப் போனால் யாரிடம் முறையிடுவது? பொய் ஞாபகத்தைத் துடைத்துவிட முடியுமா என்று அவன் கேட்கிறான். உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார்கள். படத்தில் துப்பாக்கிச் சண்டைகள் பல உண்டு. அவை மறந்துபோகும். இந்த ஏழையின் கண்ணீர் மறக்காது.

அந்தப் போலீஸ் படையில் தோகுசா என்று ஒருவன் இருக்கிறான். பெரும்பாலும் சாதாரண மனிதனாகவே இருக்கும் அவன், பெண்டாட்டி பிள்ளையோடு குடும்பம் நடத்துகிறவன். பழங்காலத்துத் துப்பாக்கியே அவனுக்குப் பிடிக்கும். உங்கள் படையில் என்னை ஏன் சேர்த்தீர்கள் என்று அவன் கேட்கிறான். எல்லாரும் ஒரே மாதிரி யந்திரமாக இருந்தால் எல்லாருக்கும் ஒரே பலவீனம் இருக்கும். அதனால்தான் உன்னைப் போல ஒருவன் வேண்டும் என்ற பொருளில் மேஜர் பதில் சொல்கிறாள். குடும்பத்தோடு பார்க்கும் நமக்கு இந்தப் பதில் மிகவும் இனிக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தெசுகாவின் யந்திரச் சிறுவன் பிள்ளைகளுக்கு ஏற்றவன். ‘அகிரா’வும் ‘கோஸ்ட் இன் தி ஷெல்’லும் பெரியவர்களுக்கான படங்கள். ரத்தக்களறியும் சிறுவர்கள் பார்க்கத் தகாத காட்சிகளும் அவற்றில் உண்டு. சித்திரம்தானே என்று பிள்ளைகள் கையில் கொடுத்துவிடக் கூடாது.

மூலன் மனைவி அழுத கதை

கூட்டுக்குள் ஆவி என்றதும் தமிழருக்கு வேறொரு சொல் ஞாபகம் வரும். ‘கூடு விட்டுக் கூடு பாய்தல்’ என்பதே அது.

பெரிய புராணத்தில் வரும் திருமூலர் வரலாறு தெரிந்ததுதான். கயிலையிலிருந்து வந்த சிவயோகி ஒருவர், காவிரிக் கரையில் சாத்தனூர் அருகே மாடுகள் கதறி அழுவதைக் காண்கிறார். அவற்றை மேய்த்த மூலன் இறந்து கிடக்கிறான். மாடுகளின் துயரம் பொறுக்காமல், யோகி தம் உடலை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுகிறார். மாடுகள் மகிழ்ந்து ஊர் திரும்புகின்றன. பொழுது சாய்ந்தும் கணவன் வீட்டுக்கு வரவில்லையே என்று மூலனின் மனைவி தேடிக்கொண்டு வருகிறாள். அவரோ, ‘உனக்கும் எனக்கும் உறவில்லை’ என்று விலகிவிடுகிறார். அவள் ஊராரிடம் ஓடி முறையிடுகிறாள். ஊரார் வந்து பார்த்து, அவர் நிலையை உணர்ந்து, அவளைத் தேற்றி அழைத்துப் போகிறார்கள்.

யோகியின் பெருமையைப் பேசுகிற நாம் அந்தப் பெண்ணின் துயரத்தை அதிகம் நினைப்பதில்லை. கண் எதிரே நிற்பது கணவனுடைய முகம், கணவனுடைய கை. ஆனால் ஆள் அவனில்லை. ஜப்பானியப் படத்துத் தொழிலாளிக்கு இல்லாத மனைவி இருந்தாள். சாத்தனூர்ப் பெண்ணுக்கு இருந்த கணவன் இல்லாமல் போனான். இரண்டு கதைக்கும் இடையே எத்தனையோ நூற்றாண்டு. துயரம் ஒன்றுதான்.

திண்டுக்கல் மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. பழனி மலைமேல் உள்ள தண்டாயுதபாணி திருவுருவத்தை நவபாஷாணத்தால் செய்தவர் போகர் என்ற சித்தர் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. அவருடைய சமாதி இன்றும் மலைக்கோயிலில் இருக்கிறது. போகர் சீன தேசம் சென்று வந்தார் என்றும், உடலைக் கல்லாய் உறுதியாக்கும் காயகல்ப முறையை அறிந்தவர் என்றும் சொல்வார்கள். தைப்பூசத்துக்குக் காவடி தூக்கிக்கொண்டு நடந்து வரும் பாமர மக்களுக்கும் ‘உடம்பு கூடு, உயிர் வேறு’ என்பது தெரிந்த சங்கதி. மேஜர் குசனாகியின் கதையைச் சொன்னால் அவர்கள் திகைக்க மாட்டார்கள்.

காந்தியடிகள் சொன்ன பதில்

யந்திரம் வேண்டுமா, வேண்டாமா? இந்தக் கேள்விக்கும் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு வரலாறு இருக்கிறது.

1924-ம் ஆண்டில் சாந்திநிகேதனத்து இளம் மாணவர் ஒருவர் மகாத்மா காந்தியிடம் சென்று, எல்லா யந்திரங்களையுமே தாங்கள் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். காந்தியடிகளின் பதில் பலர் எதிர்பாராதது. இந்த உடலே மிக நுட்பமான ஒரு யந்திரம்தானே, அப்படியிருக்க யந்திரத்தை எப்படி எதிர்ப்பேன் என்றார். ராட்டையும் யந்திரம், பல் குத்தும் குச்சியும் யந்திரமே என்றார். தாம் எதிர்ப்பது யந்திர மோகத்தை. மனிதனை வேலையற்றவனாக்கித் தெருவில் தள்ளும் பேராசையை. தையல் மெஷினுக்கு மட்டும் அவர் தனி மரியாதை கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் கஷ்டப்படுவதைக் கண்டு, அவள்மேல் கொண்ட அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். எதிலும் மனிதனே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம்.

கேள்வி கேட்ட அந்த மாணவர்தான் ஜி. ராமச்சந்திரன். பிற்காலத்தில் அவரும் அவருடைய மனைவி டாக்டர் சௌந்தரமும் 1947-ல் சின்னாளபட்டிக்கு அருகே காந்தி கிராமத்தைத் தோற்றுவித்தார்கள். திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில் அது இன்று பல்கலைக்கழகமாகவே வளர்ந்து நிற்கிறது. உடலே ஒரு யந்திரம் என்ற பேச்சை நேரில் கேட்டவர் வந்து குடியேறிய பூமி இது.

ரேகை தேய்ந்த விரல்கள்

இனி இன்றைய நிலைக்கு வருவோம்.

கை ரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் வித்தைக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1897-ல் கல்கத்தாவில் விரல் ரேகைக் காரியாலயம் அமைந்தது. அசிசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய போலீஸ் அதிகாரிகள் ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்தார்கள். அது குற்றவாளிகளைப் பிடிப்பதற்காக வந்த முறை. 2009-ல் ஆதார் ஆணையம் அமைந்த பிறகு, அது எல்லா மக்களுக்கும் வந்தது. 2010-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி மகாராஷ்டிர மாநிலத்தில் தெம்ப்ளி என்ற சிற்றூரில் முதல் எண் வழங்கப்பட்டது. பத்து விரல் ரேகை, இரண்டு கண்ணின் கருவிழி, முகத்தின் படம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்து, ஆளுக்கு ஒரு 12 இலக்க எண் கொடுக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2020-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி முதல் ரேஷன் கடைகளில் விரல் ரேகை வைக்கும் முறை பரவலாக வந்தது. இதில் நன்மை இல்லாமல் இல்லை. ஒருவர் பெயரில் வேறொருவர் அரிசி வாங்குவது தடைப்படும். வேலை தேடி வேறு மாநிலம் போனவரும் அங்கேயே தம் பங்கைப் பெறலாம்.

யந்திரம் செய்வது என்ன? விரல் தோலின் மேடு பள்ளங்களைப் படம் பிடிக்கிறது. முன்பு பதிந்த படத்தோடு ஒப்பிடுகிறது. ஒத்தால் சரி, ஒவ்வாவிட்டால் இல்லை. திண்டுக்கல் பூட்டின் தகடுகள் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. சாவிக்கும் விரலுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். சாவி ஆணியில் தொங்குகிறது. விரல் உழைக்கிறது.

திண்டுக்கல் சீமையின் தொழில்களைப் பாருங்கள். பூட்டுப் பட்டறையில் நாள் முழுவதும் அரம் பிடிக்கும் விரல். தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்பிலும் மருந்து நீரிலும் ஊறும் விரல். ஒட்டன்சத்திரம் பக்கம் காய் பறிக்கும் விரல். நிலக்கோட்டைப் பக்கம் பூக் கிள்ளும் விரல். சின்னாளபட்டித் தறியில் இழை ஓட்டும் விரல். உழைப்பு ஏற ஏற ரேகை தேய்கிறது. வயது ஏறினாலும் தேய்கிறது. யார் அதிகம் உழைத்தார்களோ, அவர்களைத்தான் யந்திரத்துக்கு அடையாளம் தெரிவதில்லை!

“ரேகை விழலே ஆத்தா. கையை நல்லாத் துடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்க” என்கிறார் கடைக்காரர். ஆத்தாள் முந்தானையில் விரலைத் துடைத்து மறுபடியும் வைக்கிறாள். மறு கையை வைக்கிறாள். “இத்தனை வருசமா இந்தக் கடையிலேதானே தம்பி வாங்குறேன், என்னைத் தெரியாதா?” என்கிறாள். கடைக்காரருக்குத் தெரியும். வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதது யந்திரத்துக்கு மட்டும். எந்த ஊர் வரிசையிலும் கேட்கக்கூடிய பேச்சு இது.

சாத்தனூரில் ஊரார் கூடி வந்து பார்த்து, இது மூலன் அல்ல என்று புரிந்துகொண்டார்கள். இங்கே ஊரார் கூடி நின்று, இது நம் ஆத்தாதான் என்கிறார்கள். அந்தச் சாட்சிக்கு இடம் உண்டா என்பதே கேள்வி.

இடம் உண்டு, இருக்க வேண்டும். ஆதார் சட்டம் செல்லும் என்று 2018-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி தீர்ப்புச் சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, ரேகை ஒவ்வவில்லை என்ற காரணத்துக்காக உரியவருக்குச் சலுகை மறுக்கப்படக் கூடாது என்பதையும் வலியுறுத்தியது. விரல் தவறினால் கருவிழியைப் படிக்கும் கருவிகளும் ரேஷன் கடைகளுக்கு வந்துள்ளன. அட்டையில் பெயருள்ள குடும்பத்தார் வேறொருவரும் விரல் வைக்கலாம். ஆகவே ‘ரேகை விழவில்லை’ என்ற சொல்லோடு யாரும் வெறும் பையுடன் திரும்ப வேண்டியதில்லை. மாற்று வழியைக் கேட்பது பிச்சை கேட்பதாகாது, உரிமை.

பெயரா, எண்ணா?

தமிழ் எழுத்தாளர் சுஜாதா 1980-களில் ‘என் இனிய இயந்திரா’ என்ற தொடர்கதையை எழுதினார். அதில் வரும் எதிர்கால ஆட்சியில் யாருக்கும் இரண்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்கக் கூடாது என்று சட்டம். அந்தக் கதையில் மனிதர்கள் பலர் பயந்து வாய் மூடியிருக்க, ஜீனோ என்ற யந்திர நாய் புத்தகம் படித்து, யோசித்து, கேள்வி கேட்கிறது. தெசுகாவின் யந்திரச் சிறுவனுக்குத் தமிழில் ஓர் உறவு கிடைத்தது போல இருக்கிறது.

ஜப்பானியரும் சுஜாதாவும் காட்டும் ஆபத்து ஒன்றே. யந்திரம் மனிதனைப் போல ஆவது பெரிய ஆபத்தில்லை. பதிவேட்டில் இருப்பது மட்டுமே ஆள், எதிரே நிற்பது ஆளில்லை என்று மனிதர் நினைக்கத் தொடங்குவதே ஆபத்து.   அதோமுவை விற்றது யந்திரம் அன்று, ஒரு தகப்பன்.

‘கோஸ்ட் இன் தி ஷெல்’ படத்தின் முடிவில் மேஜர் குசனாகி பழைய உடலை இழந்து, ஒரு சிறுமியின் உடலில் கண் விழிக்கிறாள். அவளைக் காப்பாற்றித் தன் வீட்டில் கிடத்தியவன் பத்தோ என்ற தோழன். முகம் மாறிவிட்டது, குரலும் மாறிவிட்டது. ஆனாலும் அவளை அவளாகவே நடத்துகிறான். யந்திரங்கள் நிறைந்த அந்த உலகத்தில் அவள் யார் என்பதற்குக் கடைசிச் சாட்சி ஒரு நண்பனே.

மறுபடியும் திண்டுக்கல் பட்டறைக்கு வருவோம். சாவியைத் தொலைத்துவிட்டு யாராவது வந்து நின்றால் பூட்டுக்காரர் என்ன செய்கிறார்? ‘சாவி இல்லையா? அப்படியானால் அந்த வீடு உன்னுடையது இல்லை’ என்றா சொல்கிறார்? வந்தவர் யார், எந்தத் தெரு என்று விசாரிக்கிறார். பூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அரத்தை எடுத்து, பல் பல்லாக ராவி, புதுச் சாவி செய்து கையில் கொடுக்கிறார்.

சாவிதான் தொலைந்தது. வீட்டுக்காரர் தொலையவில்லை.